நார்வே கிராஃப்ட் பீர்: கிரிம்ஸ்டாட்டா, ஸ்டவாங்கரா, ஃப்ளோரோவா?

கிராஃப்ட் பீர், அதாவது சிறு ஆலைகள் தங்கள் கைவண்ணத்தில் காய்ச்சும் பீர், தேடி நார்வே போகிறவர்கள் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றுதான்: நொக்னெ ஓ நல்லதா, லெர்விக் நல்லதா? இரண்டும் கிட்டத்தட்ட ஒரே காலத்தில் பிறந்த ஆலைகள். இரண்டின் சரக்கும் நாட்டின் எல்லை தாண்டிப் போய்ப் பேர் வாங்கியது. ஆனாலும் இரண்டையும் அப்படியே ஒரே தராசில் நிறுத்தினால் விடை தப்பாக வரும். காரணம், 4.7 என்ற எண்.

நார்வேயின் மளிகைக்கடைகளில் விற்கும் பீரில் ஆல்கஹால் 4.7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. கொஞ்சம் தாண்டினாலும் அது வின்மோனோபோலெ என்ற அரசு ஏகபோகக் கடைக்குத்தான் போக வேண்டும். 1922இல் தொடங்கிய அந்தக் கடையை ஊரில் செல்லமாக 'போலெ' என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை திறக்காது, சனிக்கிழமை பிற்பகலிலேயே பூட்டிவிடும். மளிகைக்கடை மட்டும் தாராளமா என்றால் அதுவும் இல்லை. வாரநாளில் இரவு 8 மணி, சனிக்கிழமை மாலை 6 மணி, ஞாயிறு கிடையவே கிடையாது. நேரம் ஆனதும் பீர் இருக்கும் ஃப்ரிட்ஜ் முன்னால் திரையை இழுத்துவிடுவார்கள்.  இது போதாதென்று மது விளம்பரத்துக்கும் 1975 முதல் தடை. ஆக, ஒரு புது ஆலை முதலில் முடிவு செய்ய வேண்டியது எந்த ஹாப்ஸ் (பீருக்குக் கசப்பும் மணமும் தரும் பூ) என்பதையல்ல, 4.7க்கு மேலா கீழா என்பதைத்தான். மேலே போனால் கடைகள் குறைவு, வலிமைக்கு ஏற்ப ஏறும் வரியும் கூட. கீழே நின்றால் நாடு முழுக்க விற்கலாம், ஆனால் ரிங்னெஸ், ஹன்சா போர்க் போன்ற பெரிய கைகளோடு அதே அலமாரியில் மோத வேண்டும்.

நொக்னெ ஓ 2002இல் தெற்குக் கரையிலிருக்கும் கிரிம்ஸ்டாட்டில் தொடங்கியது. தொடங்கிய இருவரில் ஷெட்டில் யிக்கியுன் ஒரு விமானி. வேலை நிமித்தம் அமெரிக்கா போய்வந்தவர், அங்கத்துச் சிறு ஆலைகளின் ஏல்களில் (சற்றுச் சூட்டில் நொதிக்கவிடும் பீர்) மனம் பறிகொடுத்து வீட்டிலேயே காய்ச்சப் பழகியவர். ஊருக்கு வெளியே பழைய நீர்மின் நிலையக் கட்டடம் ஒன்றில் கடையைப் போட்டார்கள். அன்றைக்கு நார்வேக்காரனுக்கு பீர் என்றால் குளிரில் நொதிக்கவிடும் வெளிர் மஞ்சள் லாகர், அவ்வளவுதான். அந்தச் சந்தையில் 6 சதவீத பேல் ஏல், கறுத்த 7 சதவீத போர்ட்டர், ஹாப்ஸ் தூக்கலான 7.5 சதவீத ஐபிஏ, இன்னும் கறுத்துத் தடித்த 9 சதவீத இம்பீரியல் ஸ்டவுட் என்று ஒன்றன்பின் ஒன்றாக இறக்கினார்கள். பாருங்கள், எல்லாமே கோட்டுக்கு மேலே. நூறாவது முறை காய்ச்சியபோது தங்களுக்காகவே 10 சதவீதத்தில் ஒன்றைச் செய்து, அதற்கு 'நூறு' என்றே பேர் வைத்துவிட்டார்கள். 'சமரசம் செய்யாத ஆலை' என்று தங்களை அழைத்துக்கொண்ட கூட்டம் அது. புட்டியைத் திருப்பினால் எந்த மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்), எந்த ஹாப்ஸ், எந்த ஈஸ்ட், கசப்பு எவ்வளவு, எந்த வெப்பத்தில் ஊற்ற வேண்டும் என்று எல்லாமே அச்சிட்டிருக்கும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்ததும் ஊற்றாதே என்று வாங்குபவனுக்குப் பாடம் எடுத்த லேபிள். விளம்பரம் செய்ய முடியாத நாட்டில் அந்த லேபிள்தான் அவர்களுக்கு வாய்.

லெர்விக் கதை வேறு மாதிரி. ஸ்டவாங்கரின் பழைய உள்ளூர் ஆலையான தோவ் பெரிய கம்பெனியின் கைக்குப் போய், அங்கே காய்ச்சுவது நின்றுபோனது. ஊர்க்காரர்களுக்குக் கோபம். அந்தக் கோபத்தில் 2003இல் பிறந்ததுதான் லெர்விக். அதனால் அது முதலில் காய்ச்சியது கிராஃப்ட் பீரே அல்ல, ஊருக்கான சாதாரண பில்ஸ்னர் லாகர். 2010இல் மைக் மர்பி என்ற அமெரிக்கர் தலைமைக் காய்ச்சுநராக வந்த பிறகுதான் திசை மாறியது. பிலடெல்ஃபியாக்காரர், ரோமிலும் டென்மார்க்கிலும் காய்ச்சிவிட்டு வந்தவர். அவர் செய்த கெட்டிக்காரத்தனம் லக்கி ஜாக். அமெரிக்க ஹாப்ஸின் ஆரஞ்சுத்தோல், பைன் வாசனையோடு ஒரு பேல் ஏல், அதுவும் மிகச்சரியாக 4.7 சதவீதத்தில்! நொக்னெ ஓ போலெவின் அலமாரியில் நின்று பாடம் எடுத்தது என்றால், லெர்விக் பால் பாக்கெட் வாங்க வந்தவன் கையில் அதே பாடத்தை டின்னில் கொடுத்துவிட்டது.

நேருக்கு நேர் வைத்தால் என் கணக்கு இப்படி. பேல் ஏலில் லக்கி ஜாக் பக்கம்தான் நான். நொக்னெ ஓவின் பேல் ஏலில் கேரமல் மால்ட்டின் இனிப்பு தூக்கல். 2000களின் தொடக்கத்தில் அதுதான் மோஸ்தர், இன்றைக்குக் கொஞ்சம் வயசு தெரிகிறது. லக்கி ஜாக் மெலிந்தது, வெடுக்கென்று கசந்து முடிவது. காரமான ஆட்டிறைச்சியோடு வைத்தால் வாயைக் கழுவிவிடும். வலிமை குறைவு என்பதால் இரண்டாவது டின்னையும் பயப்படாமல் திறக்கலாம்.

கறுப்புப் பக்கம் வந்தால் கதை மாறுகிறது. லெர்விக்கின் கொன்ராட்ஸ் ஸ்டவுட் 10.4 சதவீதம், தடிமன், வறுத்த காபி, சாக்லேட், எல்லாம் நிறைய. முதல் மிடறு பிரமாதம். பாதிக் கிளாஸுக்கு மேல் எனக்குத் திகட்டுகிறது. நொக்னெ ஓவின் இம்பீரியல் ஸ்டவுட் அதைவிட அடக்கம். காபிக் கசப்பும் கரும்பு வெல்லப் பாகின் இனிப்பும் சரிசமமாக நின்று, கடைசி மிடறு வரை அலுக்காமல் போகிறது. கிளாஸில் அரை மணி நேரம் விட்டு, குளிர் விட்டு அறைச்சூட்டை நெருங்கியதும் குடித்துப் பாருங்கள். லேபிளின் பிடிவாதம் அப்போது புரியும்.

யார் கையில் இருக்கிறது என்பதும் சிலருக்கு முக்கியம். 2013இல் நொக்னெ ஓவின் பெரும்பான்மைப் பங்கை ஹன்சா போர்க் வாங்கியது. எந்த லாகரை எதிர்த்துக் கடை திறந்தார்களோ அதே லாகர் கம்பெனி. யிக்கியுன் பிறகு விலகி, கிரீஸின் கிரீட் தீவுக்குப் போய் 'சோலோ' என்று புது ஆலை வைத்தார். 2022இல் ஹன்சா போர்க்கே டென்மார்க்கின் ராயல் யூனிபிரூ கைக்குப் போனது. 'சமரசம் செய்யாத' என்ற வார்த்தையைச் சொல்லி அப்போது பீர்க்காரர்கள் நிறையவே கிண்டல் செய்தார்கள். நான் அந்தக் கூட்டத்தில் சேரவில்லை. ஐரோப்பாவிலேயே முதன்முதலாக சாகே என்ற ஜப்பானிய அரிசி மதுவைக் காய்ச்சிப் பார்த்த ஆலை அது. அப்படி ஆசைப்பட்டதையெல்லாம் செய்து பார்க்கும் ஆலைக்குப் பணமுடை வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். ஸ்டவுட்டின் தரம் இறங்கியதாக என் நாக்குக்குத் தெரியவில்லை.

இவ்வளவும் சொன்ன பிறகு, ஒரே ஒரு புட்டிதான் என்றால் நான் இந்த இரண்டையும் எடுக்க மாட்டேன். மூன்றாவது ஆளான ஷின்னைத்தான் எடுப்பேன். (புட்டியில் 'கின்' என்று படிக்க வரும், கடையில் ஷின் என்று கேளுங்கள்.) 2009இல் எஸ்பென் லோதெ ஃப்ளோரோவில் தொடங்கியது. ஃப்ளோரோ நார்வே பெருநிலத்தின் மேற்குக்கோடி நகரம், ஹெர்ரிங் மீனால் வளர்ந்த ஊர். மற்ற இருவரும் அமெரிக்காவைப் பார்த்துக் காய்ச்சியபோது ஷின் இங்கிலாந்தையும் பெல்ஜியத்தையும் பார்த்தது. திறந்த தொட்டியில் நொதிக்க விடுவார்கள், வடிகட்டுவதில்லை, சூடேற்றிப் பதப்படுத்துவதும் இல்லை. புட்டிக்குள்ளேயே இரண்டாவது முறை நொதித்துத்தான் நுரை கட்டும். அதனால் அடியில் ஈஸ்ட் படிந்திருக்கும். புட்டியை ஆட்டாமல் சாய்த்து ஒரே மூச்சில் ஊற்றி, அடியில் ஒரு விரல் அளவை அப்படியே விட்டுவிட வேண்டும். கலங்க ஊற்றினால் குடி முழுகிப் போகாது, ஆனால் பெல்ஜிய பாணியில் செய்த பொவெலன் போன்ற பீரின் மணத்தை ஈஸ்ட் அமுக்கிவிடும். வெஸ்ட்ஷிஸ்ட் என்ற அவர்களது ஐபிஏவில் ஹாப்ஸ் உண்டு, கத்தல் இல்லை. வைக்கோல் அறுவடைக் காலத்தின் பேர் தாங்கிய ஸ்லோத்தெயோல் மளிகைக்கடை வலிமைக்குள் நிற்பது. அந்த வலிமையில் பீருக்கு உடம்பே இருக்காது என்பவர்களுக்கு அதை ஊற்றிக் கொடுக்க வேண்டும். குறை? ஒரு தடவை காய்ச்சியதற்கும் அடுத்ததற்கும் சின்ன வித்தியாசம் வரும். லெர்விக் டின் எப்போது திறந்தாலும் ஒரே மாதிரி இருக்கும், ஷின் அப்படியில்லை. எனக்கு அது பிடிக்கும். சிலருக்கு எரிச்சல் வரும், அதுவும் நியாயம்தான்.

மற்றவர்களைப் பற்றிச் சுருக்கமாக. ஃப்ளோமில் 2007இல் வந்த ஏகிர், ஃபியோர்டு (மலைகளுக்கு நடுவே நீளும் கடல்) பார்க்கப் போகிற எல்லோரும் நுழையும் இடம். பழைய மரத் தேவாலயத்தின் சாயலில் டிராகன் தலைகளோடு கட்டிய மதுக்கூடம். ஒரு பலகையில் ஐந்து சின்னத் தீனியும் ஐந்து பீரும் வரும். கூட்டம் கூடினாலும் பீர் ஏமாற்றாது, அவர்களது நத் என்ற இம்பீரியல் போர்ட்டர் கேட்டு வாங்கத் தகுந்தது. டிராம்மனில் 2005இல் தொடங்கிய ஹான்ட்பிரிக்கெரியெ, அக்வவிட் சாராயம் இருந்த பீப்பாயில் போர்ட்டரை ஊறப்போட்டது. சீமைச்சோம்பு (கேரவே) மணம் பிடித்தவர்களுக்கு மட்டும். ஒஸ்லோவின் அமுண்ட்சன் பலகாரம் மாதிரி இனிக்கும் ஸ்டவுட்டுகளை டின்டின்னாக விடுகிறது, எனக்கு அதில் சொல்ல ஒன்றுமில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். மேலே பேசியதில் பாதிக்கு மேல் அமெரிக்கப் பாணி, மீதி இங்கிலாந்தும் பெல்ஜியமும். நார்வேயின் சொந்தச் சரக்கு எங்கே? அது பண்ணைவீடுகளில் இருந்தது, இன்னும் இருக்கிறது. மேற்கு நார்வேயின் பழைய குலாதிங் சட்டப்படி கிறிஸ்துமஸுக்கு பீர் காய்ச்சுவது விவசாயியின் கடமை. மூன்று ஆண்டு தொடர்ந்து காய்ச்சாமல் விட்டவனின் சொத்தைப் பறித்து, அரசனும் பிஷப்பும் பாதிப்பாதி எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதி வைத்திருந்தார்கள்.

மேற்கு நார்வேயில் வோஸ் ஊர்ப் பக்கத்துப் பண்ணைகளில் காய்ச்சுவதைப் பார்த்தால் ஆலைப் பாடம் எல்லாம் தலைகீழ். ஜூனிபர் என்ற ஊசியிலைப் புதரின் கிளைகளைச் சுடுநீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரில் மால்ட்டைப் போடுவார்கள். வடித்த சாற்றை மணிக்கணக்கில் கொதிக்கவிட்டுச் சுண்டவைப்பார்கள். அப்புறம் கிட்டத்தட்ட 40 டிகிரி சூட்டிலேயே ஈஸ்ட்டைச் சேர்ப்பார்கள். சாதாரண ஏல் ஈஸ்ட்டுக்கு 20 டிகிரி பக்கம் வேண்டும், அந்தச் சூட்டில் போட்டால் காட்டமான கெட்ட வாசனை வந்துவிடும். க்வைக் என்ற இந்தப் பண்ணை ஈஸ்ட்டுக்கோ அதுதான் சுகம். இரண்டொரு நாளில் வேலையை முடித்து, ஆரஞ்சு மணத்தையும் விட்டுப் போகும். துளை போட்ட மரத்துண்டிலோ வைக்கோல் வளையத்திலோ ஒட்டவைத்து உலர்த்தி, அடுத்த முறைக்கு எடுத்து வைப்பார்கள். வீட்டில் இருப்பது கெட்டுப்போனால் பக்கத்துப் பண்ணையில் வாங்கிக்கொள்வார்கள், நம் வீடுகளில் உறைமோர் வாங்குகிற மாதிரி. இந்த ஈஸ்ட்டுகள் மற்ற பீர் ஈஸ்ட்டுகளிலிருந்து மரபணுவிலேயே தனிக்கூட்டம் என்பதைக் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழக ஆய்வு 2018இல் காட்டியது. அதற்குள் உலகம் முழுக்கச் சிறு ஆலைகள் க்வைக்கைத் தேட ஆரம்பித்துவிட்டன. குளிரூட்டும் செலவு மிச்சம் என்பதால் வெப்ப நாடுகளில் வீட்டில் காய்ச்சுபவர்களுக்கும் அது வரப்பிரசாதம்.

குடித்துப் பார்த்தால் முதலில் ஏமாற்றம் வரலாம். நுரை அவ்வளவாக இருக்காது, சில்லென்றும் இருக்காது. பழுப்பு நிறம், ஆரஞ்சு, ஜூனிபர், லேசான கேரமல். ஐபிஏ எதிர்பார்த்துப் போனால் இது என்ன கஷாயம் என்று தோன்றும். எனக்கோ, போட்டி என்று வைத்தால் மேலே சொன்ன அத்தனை பேரையும் இது தள்ளி நிறுத்திவிடும். தரத்தால் என்று சொல்ல மாட்டேன், வேறெங்கும் கிடைக்காது என்பதால். சங்கடம் என்னவென்றால் அந்தப் பண்ணைவீட்டு பீர் போலெவில் கிடைக்காது, மளிகைக்கடையிலும் கிடைக்காது. வீட்டுக்காரர் ஊற்றினால்தான் உண்டு. அழைப்பு இல்லாதவர்களுக்கு ஹொர்னிந்தாலில் இலையுதிர்காலத்தில் நடக்கும் கொர்னோல் விழாதான் வழி. அங்கே பண்ணைக்காரர்களே காய்ச்சிக் கொண்டுவந்து ஊற்றுகிறார்கள். பயணத் தேதி இன்னும் முடிவாகவில்லை என்றால் அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள்.