பச்சிளங்குழந்தையின் இதயம்: கையால் பார்ப்பதா, ஆக்சிமீட்டரா, எக்கோவா?

கடும் இதயக் குறைபாடுள்ள குழந்தைகூட முதல் நாள் நன்றாகப் பால் குடிக்கலாம். நுரையீரல் தமனியையும் பெருந்தமனியையும் இணைக்கும், பிறந்தபின் மூடிக்கொள்ளும் டக்டஸ் நாளம் திறந்திருக்கும்வரைதான் அந்தத் தெம்பு. மூடத் தொடங்கினால் சில மணி நேரத்தில் நிலை மோசமாகும்.

கண்ணையும் ஸ்டெதஸ்கோப்பையும் மட்டும் நம்பினால் பல குறைபாடுகள் கண்ணில் படாமல் தப்பும். ஆக்சிஜன் அளவு 80% அருகே இறங்கினால்தான் உடல் நீலம் பாரிப்பது கண்ணுக்குத் தெரியும். கருத்த தோலில் இன்னும் சிரமம். பெருநாளங்கள் இடம் மாறிய குழந்தைக்கு மர்மர் எனும் இதய இரைச்சல் சத்தமே கேட்காமல் போகலாம்.

அந்த இடைவெளியை நிரப்புவது, தோல் வழியே ஒளி செலுத்தி ரத்தத்தின் ஆக்சிஜனை அளக்கும் பல்ஸ் ஆக்சிமீட்டர். வலது கையில் ஒன்று, ஏதாவது ஒரு காலில் ஒன்று என்று அளக்க வேண்டும். இடது கை வேண்டாம்: வலது கைக்கான ரத்தம் டக்டஸுக்கு முன்பே பிரிந்துவிடும், காலுக்குப் போவது அதற்குப் பிறகு. பழைய விதிப்படி இரண்டில் ஒன்று 95% இருந்து, வித்தியாசம் 3க்குள் இருந்தால் போதும். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2025இல் இதை இறுக்கி, இரண்டுமே 95% தொட வேண்டும், மறுபரிசோதனை ஒருமுறைதான் என்றது. எதிலாவது 90%க்குக் கீழே போனால் மறுபரிசோதனைக்குக் காத்திருக்கக் கூடாது.

காலில் மட்டும் அளந்தால் வேலை பாதி. ஆனால் கையில் 99, காலில் 95 என்று வரும் குழந்தையை அது விட்டுவிடும்.

நேரம்? 24 மணி நேரத்துக்கு முன் அளந்தால் தவறான எச்சரிக்கை சுமார் 0.4%, பிறகு அளந்தால் 0.06% அளவுதான். ஆனாலும் முதல் நாளே வீட்டுக்கு அனுப்பும் இடத்தில் முன்னதாக அளப்பதே மேல். அந்த 'தவறான' எச்சரிக்கைகளில் நிமோனியாவும் ரத்தத் தொற்றும் அகப்படுவதுண்டு.

அளவு குழம்புவதற்குப் பெரும்பாலும் காரணம் குளிர்ந்த கால், அழுகை, தளர்ந்த ப்ரோப் (தோலில் ஒட்டும் உணரி), ஒளிச்சிகிச்சை விளக்கு. காலைச் சூடாக்கி, ப்ரோப்பைத் துணியால் மூடி, அலைவடிவம் சீராகும்வரை பொறுக்க வேண்டும். பெரியவர்களுக்கான விரல் கிளிப் கூடவே கூடாது.

ஒலி அலைகளால் இதயத்தைப் படமெடுக்கும் எக்கோ இவை எல்லாவற்றையும்விடத் துல்லியம். ஆனால் எல்லாக் குழந்தைக்கும் எடுத்தால், தானே மூடும் சிறு துளைகளுக்காகப் பெற்றோர் அலைவார்கள். ஆக்சிமீட்டரில் தேறாதவர்களுக்கும், சோதித்தவருக்குச் சந்தேகம் எழுந்தவர்களுக்கும் அதை ஒதுக்குவதே சரி.

கருவியில் தேறியதும் கையால் பார்ப்பதைக் கைவிடுவதுதான் ஆபத்து. பெருந்தமனி குறுகிய குழந்தைக்குக் காலிலும் 98% காட்டலாம். அதைப் பிடிக்க, இரு தொடை நாடிகளையும் விரலால் தொட்டு, வலது கை நாடியோடு ஒப்பிட்ட பிறகே குழந்தையை வீட்டுக்கு அனுப்ப வேண்டும்.