உவர்மலையில் ஓர் இதயப் பரிசோதனை நிலையம்

பல ஆண்டுகளாகத் தினமும் சாராயம் அருந்திவந்த என் அண்ணாவுக்குக் காரணம் புரியாத கை நடுக்கமும் இரவில் நெஞ்சுப் படபடப்பும் தொடர்ந்தபோதும், ஈசிஜியில் எதுவும் தெரியாததால், திருகோணமலை உவர்மலையிலுள்ள ஒரு தனியார் நிலையத்தில் இதயத் துடிப்பை 24 மணிநேரம் தொடர்ந்து பதிவுசெய்யும் ஹோல்டர் கருவியைப் பொருத்தினோம். இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் விட்டுவிட்டு வருவது அதில் பதிவாகியிருந்தது. மது இதயத் தசையைப் பாதிப்பதோடு, இரத்தத்தில் மக்னீசியம், பொட்டாசியம் அளவுகளையும் குறைத்துத் துடிப்பைக் குலைக்கும் என்பதை, அண்ணாவைக் குற்றவாளியாக்காமல் வைத்தியர் பொறுமையாக விளக்கினார். அதற்காகவே இந்நிலையத்தைப் பரிந்துரைக்கிறேன். குடியைத் திடீரெனத் தாமாகவே நிறுத்தினால் வலிப்பு வரலாம் என்று எச்சரித்து, வைத்தியசாலைக் கண்காணிப்பில் நிறுத்த ஏற்பாடும் செய்தார். அறிக்கைக்காக 4 நாட்கள் காத்திருந்ததுதான் பெரும் வேதனை. பக்கவாத அபாயமுள்ள நோயில் அத்தாமதம் ஏற்கத்தக்கதன்று.