நலங்கு மாவு அருமை, உள்ளே வைக்கும் துண்டுச் சீட்டுதான் ஆபத்து

மதுரை கீழமாசி வீதிப் பக்கம் ஒரு நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய நலங்கு மாவு. கால் கிலோ 140 ரூபாய். குளிக்க என்றால் தாராளமாக வாங்கலாம். பச்சைப் பயறு, ஆவாரம்பூ, பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, வெட்டிவேர் எல்லாம் புதுசு என்று பாக்கெட்டைப் பிரித்ததுமே வாசனை சொல்லிவிடும். சோப்பு போட்டால் வெள்ளை வெள்ளையாக வறண்டுபோகும் என் கைகால்களுக்கு நன்றாக ஒத்துக்கொள்கிறது.

முகத்துக்கு என்றால் யோசியுங்கள். மாவை இரண்டு விரலுக்கு நடுவில் வைத்துத் தேய்த்தால் வெட்டிவேர் நார் முள் மாதிரி குத்துகிறது. மெல்லிய துணியில் சலித்தே ஆக வேண்டும். பரு இருந்தால் சலித்த மாவையும் தேய்க்காதீர்கள், பரு உடைந்து தழும்பாகிவிடும்.

அந்தத் துண்டுச் சீட்டில், கரும்புள்ளி மறைய எலுமிச்சைச் சாற்றில் குழைத்துப் பூசச் சொல்லியிருக்கிறார்கள். மாவில் ஏற்கெனவே கார்போக அரிசி என்ற மூலிகை விதை இருக்கிறது. அதிலுள்ள சோரலென் என்ற பொருள் பட்ட தோல் வெயிலைத் தாங்காது. வெண்புள்ளிக்குத் தோல் மருத்துவர்கள் புற ஊதா ஒளியோடு சேர்த்துக் கொடுப்பதும் சோரலென்தான். அவர்கள் அளவும் நேரமும் பார்த்துத் தருவார்கள். எலுமிச்சையிலும் அதே வகைப் பொருள்கள் உண்டு. போதாததற்கு அமிலம் வேறு.

என் அக்கா மகள் சீட்டில் சொன்னபடியே பூசிக் கழுவிவிட்டு மத்தியான வெயிலில் டியூஷனுக்குப் போனாள். மறுநாள் கன்னம் சிவந்து எரிந்தது. அப்புறம் பூசிய இடம் மட்டும் பழுப்பாகத் திட்டுப் பிடித்தது. இப்படி வரும் திட்டு மங்க மாதக்கணக்கில்கூட ஆகலாம். பத்தாம் வகுப்புப் பிள்ளை, பள்ளிக்கூடம் போகவே கூச்சப்படுகிறாள். எனக்கு வயிறு எரிகிறது.

கடையில் போய்ச் சொன்னேன். "காலங்காலமாப் போடுறதுதானக்கா" என்றார் கடைக்காரர். "கார்போக அரிசி இல்லாமத் தனியா அரைச்சுத் தாங்கண்ணே" என்றதும் முகம் சுளிக்காமல் அரைத்துக் கொடுத்தார், அதைச் சொல்ல வேண்டும். நீங்களும் கேட்டு வாங்குங்கள். வெறும் தண்ணீரில் குழைத்து, முழங்கை மடிப்பில் கொஞ்சம் பூசி, இரண்டு நாள் பார்த்துவிட்டு முகத்துக்குப் போங்கள். மாவில் சேரும் கஸ்தூரி மஞ்சளே சிலருக்கு அரிப்பு தரும்.

போன வாரம் வாங்கிய பாக்கெட்டிலும் அதே சீட்டுதான். மாவுக்கு ஐந்து நட்சத்திரம் கொடுத்திருப்பேன். சீட்டை எடுக்கும்வரை இரண்டுதான்.