ஜீப்பில் சிலிண்டர் மாட்டித் தந்த கோத்தகிரி பட்டறை

எஸ்டேட் மண் ரோட்டுக்காகக் குறைத்த டயர் காற்றைத் திரும்ப நிரப்ப, ஜீப்பில் கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் வைத்திருக்கிறேன். 21 டிகிரியிலேயே உள்ளே சுமார் 58 பார் அழுத்தம். மேட்டுப்பாளையம் வெயிலில் இன்னும் ஏறும். அதனால்தான் இந்த வெல்டிங் பட்டறை அண்ணனைப் பாராட்டுகிறேன். சிலிண்டர் மேல் ஒரு பொட்டு வெல்டிங்கூட வைக்கவில்லை. ரோல் பாரில் (ஜீப் கவிழ்ந்தால் ஆட்களைக் காக்கும் இரும்புச் சட்டம்) போல்ட் போட்ட தாங்கி, உள்ளே ரப்பர், சுற்றி இரண்டு இரும்புப் பட்டை. வால்வு மேலே இருக்கும்படி நிமிர்த்தித்தான் மாட்டுவேன் என்று பிடிவாதமாகச் சொன்னார். அழுத்தத்தில் வாயு உள்ளே திரவமாகவும் இருக்கும், படுக்கப் போட்டால் ஹோஸில் அந்தத் திரவமே வந்துவிடும். வால்வு அடிபடாமல் இருக்க ஒரு காப்பு வளையமும் செய்தார். கோடநாடு பக்கம் அவ்வளவு குலுங்கியும் அசையவில்லை. என்னுடையது திறந்த ஜீப். மூடிய வண்டிக்குள் வைக்காதீர்கள், கசிந்தால் மூச்சு முட்டும். கூலி கொஞ்சம் கூடுதல், தாராளமாகக் கொடுக்கலாம்.