பழைய பிளாஸ்டிக் மாடல் காரை (ஒட்டிச் செய்யற குட்டி கார்) ரீஸ்டோர் பண்ணக் கொடுக்கப் போறீங்களா, ஒரு நிமிஷம்

என் மாமா 80கள்ல சிங்கப்பூர்ல வேலை பார்த்தப்போ ஆசையா வாங்கினது, டமியாங்கற ஜப்பான் கம்பெனியோட கிட், நிஜக் கார்ல 1/20 அளவு, டைரல் பி34ங்கற ஃபார்முலா ஒன் ரேஸ் கார். முன்னாடி நாலு குட்டி சக்கரம் பின்னாடி ரெண்டு பெருசுன்னு மொத்தம் ஆறு சக்கரம், 1976 ஸ்வீடன் கிராண்ட் பிரில முதல் ரெண்டு இடத்தையும் பிடிச்ச கார். மாமா பாடிக்கு பிரஷ்ல நீல எனாமல் பெயின்ட் அடிச்சதோட நின்னுபோச்சு, டீக்கால் ஷீட் (தண்ணில நனைச்சு ஒட்டற கோடு, எழுத்து ஸ்டிக்கர்) மட்டும் பழுப்பேறி பெட்டியிலயே இருந்துச்சு. அவர் தவறின பிறகு அத்தை எங்கிட்ட கொடுத்தாங்க.

எனக்குக் கை நடுங்கும்னு ஆன்லைன்ல ரீஸ்டோர் பண்றேன்னு சொன்ன ஒருத்தர்கிட்ட 6,500 ரூபாய் பேசி முழுசா கட்டிட்டேன். ரெண்டு மாசம்னு சொல்லி ஏழு மாசம் இழுத்தார்.

பார்சலைப் பிரிச்சா வயிறு எரியுது. பெயின்டை எடுக்க அசிட்டோன் போட்டிருக்கார், கிட் செஞ்சிருக்கற பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் அதுல கரையும்னு இந்த வேலை செய்யறவருக்குத் தெரியாதா? பேனல் கோடு, ரிவெட் எல்லாம் மழுங்கிப்போச்சு. பிரேக் ஆயில்ல ஊறவச்சு பழைய டூத் பிரஷ்ல தேச்சிருந்தாலே எனாமல் வந்திருக்கும்.

டீக்கால் கதை இன்னும் மோசம். பழைய ஷீட்டை அப்படியே தண்ணில போட்டா சுக்கு சுக்கா உடையும், அதனால முதல்ல தேவையில்லாத ஒரு துண்டை வெட்டி நனைச்சுப் பார்க்கணும், உடைஞ்சா மிச்சத்துக்கு மேல கிளியர் லாக்கர் அடிச்சுக் காயவிட்டு அப்புறம் ஒவ்வொண்ணா வெட்டி எடுக்கணும். பழுப்புக்கு ஜிப்லாக் கவர்ல போட்டு வெயில் படற ஜன்னல்ல சில வாரம் ஒட்டி வச்சா போதும், நல்லாவே வெளுக்கும். ஒண்ணுமே பண்ணாம மொத்த ஷீட்டையும் நொறுக்கிட்டு, சொல்லாம இங்க்ஜெட்ல பிரிண்ட் போட்டு ஒட்டிட்டார். அந்த பிரிண்டர்ல வெள்ளை மையே கிடையாது, அடியில வெள்ளை இல்லாததால நீல பாடி ஊடுருவி மஞ்சள் கோடு பச்சையா தெரியுது, ஸ்பான்சர் எல்ஃப் பேரோட வெள்ளை எழுத்தைக் காணவே காணோம்.

கேட்டதுக்கு "40 வருஷத்துப் பொருள் சார், அப்படித்தான் ஆகும்"னார். அடுத்த நாள் பிளாக்.

யார்கிட்ட கொடுத்தாலும் டீக்கால் ஷீட்டை முதல்ல 600 டிபிஐல ஸ்கேன் பண்ணி வச்சுக்கோங்க. பெயின்டை எதுல எடுப்பீங்க, டீக்கால்ல வெள்ளையை எப்படி பிரிண்ட் பண்ணுவீங்கன்னு கேளுங்க, மழுப்பினா பெட்டியைக் கொடுக்காதீங்க. பணத்தை வேலை பாதி முடிஞ்ச போட்டோ பார்த்துட்டு கொடுங்க.

கார் வந்துடுச்சாப்பான்னு அத்தை ரெண்டு தடவை போன் பண்ணிட்டாங்க, என்ன சொல்றதுன்னு தெரியாம இன்னும் வரலன்னு சொல்லி வச்சிருக்கேன்.