ஒரு கல்லூரியை அறிய எந்தத் தரவு: ஐஷேயா, என்ஐஆர்எஃப்பா?

உயர்கல்வியைப் பற்றி எழுதும் மாணவர்கள் பலர் முதலில் கேட்பது இதைத்தான். என் பதில்: கேள்வி மாநிலத்தைப் பற்றியதா, ஒரு கல்லூரியைப் பற்றியதா என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

ஐஷே (AISHE) என்பது ஒன்றிய கல்வி அமைச்சகம் 2010-11 முதல் நடத்தும் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பு. பரப்பு மிகப் பெரியது. 2021-22 அறிக்கைப்படி நாட்டின் உயர்கல்வியில் சுமார் 4.33 கோடி மாணவர்கள். உயர்கல்விச் சேர்க்கை விகிதம் (18-23 வயதினர் தொகையோடு ஒப்பிட்டால் சேர்ந்தவர்கள் எத்தனை சதவீதம் என்பது) தேசிய அளவில் 28.4, தமிழ்நாட்டில் 47. இப்படி மாநிலங்களை ஒப்பிட இதுதான் சரி. ஆனால் அறிக்கையைப் புரட்டினால் ஒரு தனிக் கல்லூரி கண்ணில் படாது.

என்ஐஆர்எஃப் (NIRF) என்பது உயர்கல்வி நிறுவனங்களுக்கு அதே அமைச்சகம் வெளியிடும் தரவரிசை; 2016-இல் வரத் தொடங்கியது. பத்திரிகைகள் தர எண்ணை மட்டும் கொண்டாடுவது எனக்கு வருத்தம்தான். உண்மையான புதையல், கல்லூரிகள் சமர்ப்பிக்கும் தரவுக் கோப்பு. ஆசிரியர்களின் தகுதியும் அனுபவமும் அதில் பட்டியலாக இருக்கும். எத்தனை மாணவர்களுக்குக் கட்டணச் சலுகை கிடைத்தது, அதைக் கொடுத்தது அரசா, கல்லூரியா என்பதும் இருக்கும். அப்புறம், சம்பளத்துக்கும் பராமரிப்புக்கும் 3 ஆண்டுகளில் செலவான தொகை. சம்பளச் செலவை ஆசிரியர் எண்ணிக்கையோடு சேர்த்துப் பாருங்கள், நிறைய புரியும். அலுவலர் சம்பளமும் அதில் அடங்கும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

குறை? விண்ணப்பிக்கும் கல்லூரிகள் மட்டுமே இதில் இருக்கும். சிற்றூர்களின் சிறிய கல்லூரிகள் பல இதில் இல்லை. அவற்றையும் சேர்த்த மொத்தக் கணக்குக்கு ஐஷேதான்.