கார்டு போட இடமில்லாத 'கிரியேட்டர்' லேப்டாப்

கோத்தகிரியில் கல்யாணம், கோயில் விழா என்று படம் எடுத்துப் பிழைக்கிறவன் நான். பல வருடமாக ஒரே கம்பெனி லேப்டாப்தான் வைத்திருக்கிறேன், பெயர் வேண்டாம், பெரிய கம்பெனி. அவர்களுடைய புதிய 14 இஞ்ச் மாடலை ஒன்றரை லட்சத்துக்கும் கொஞ்சம் மேலே கொடுத்து வாங்கினேன். போட்டோகிராபர்களுக்காகவே செய்தது என்று விளம்பரம் செய்கிறார்கள். ஆனால் கேமராவில் படம் பதிகிற எஸ்டி கார்டு போட இடம் கிடையாது! மொத்தமே இரண்டு டைப்-சி போர்ட், அதில் ஒன்று சார்ஜருக்குப் போய்விடும்.

நல்லதையும் சொல்லிவிடுகிறேன். ஓஎல்இடி ஸ்கிரீன் அருமை. பேட்டரி அதைவிட அருமை. ஜூலை காற்றில் கற்பூர மரம் (யூகலிப்டஸ்) கரண்ட் லைன் மேல் சாய்ந்து கரண்ட் போனாலும் பதறாமல் ஆல்பம் வேலை பார்க்கலாம். உள்ளே இருப்பது இன்டெல் 2024இல் விட்ட லூனார் லேக் சிப், கரண்டைக் குறைவாகத்தான் குடிக்கும். ஆனால் மெமரியும் (ராம்) அந்தச் சிப்போடு சேர்ந்தே வருகிறது, 16 அல்லது 32 ஜிபி, வாங்கும்போது எடுத்ததுதான் கடைசி வரைக்கும். பழைய மாடலில் ஸ்குரூவைக் கழற்றி நானே ராம் ஏற்றியிருக்கிறேன்.

கோத்தகிரிப் பக்கம் பேரகணியில் படுகர்கள் கொண்டாடும் ஹெத்தையம்மன் விழாவுக்குப் போனவர்களுக்குத் தெரியும், திரும்பின பக்கமெல்லாம் வெள்ளை உடை. வெள்ளை வெளுத்துப் போகாமல் எடுக்க வேண்டுமென்றால் கேமரா பிடித்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைல்தான், அது பெரிது, கார்டு மளமளவென்று நிறையும். ஒன்றைக் கழற்றி லேப்டாப்பில் சொருகிவிட்டு அடுத்ததில் எடுத்துக்கொண்டே இருப்பதுதான் என் வழக்கம். இப்போது கார்டைப் படிக்க ஒரு டாங்கிளைத் தொங்க விட்டுக்கொண்டு, அது பையில் இருக்கிறதா, வண்டியில் விட்டேனா என்று தேட வேண்டியிருக்கிறது. கடைக்காரரிடம் கேட்டால், "இப்ப எல்லாமே இப்படித்தாங்கண்ணா வருது" என்கிறார்.

கீபோர்டில் வலது கன்ட்ரோல் கீயைத் தூக்கிவிட்டு, மைக்ரோசாஃப்டின் ஏஐ உதவியாளரான கோபைலட்டுக்கு ஒரு கீ வைத்திருக்கிறார்கள். விரல் பட்டால் ஒரு ஜன்னல் திறந்து என்ன உதவி வேண்டும் என்கிறது. கார்டு ரீடர் வேண்டும், வேறென்ன. ஏஐ கணக்குகளுக்கென்று சிப்பில் தனியாக என்பியூ என்ற பகுதி இருக்கிறது, பெட்டி மேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது, ஆனால் படம் திருத்தும் லைட்ரூமில் புள்ளி புள்ளியாகத் தெரிவதைப் போக்கும் டினாய்ஸ் போட்டால் சுமையெல்லாம் கிராபிக்ஸ் பகுதியான ஜிபியூ தலையில்தான்.

இந்தக் கம்பெனிக்கு யாருக்கு விற்கிறோம் என்பதே மறந்துவிட்டதோ என்று தோன்றுகிறது. ஒரு வருடம் கேமிங் மாதிரி விளக்குப் போட்டார்கள், அடுத்த வருடம் எடையைக் குறைத்தோம் என்றார்கள், இப்போது எல்லாவற்றிலும் ஏஐ. மாடல் பெயர்களும் அப்படித்தான், எது உசத்தி எது மட்டம் என்று விற்கிறவருக்கே தெரியவில்லை. மற்றவர்களும் லேசுப்பட்டவர்கள் இல்லை. ஆப்பிள் 2016இல் மேக்புக் ப்ரோவிலிருந்து கார்டு ஸ்லாட், எச்டிஎம்ஐ, காந்தத்தில் ஒட்டும் சார்ஜர் இணைப்பான மேக்சேஃப் மூன்றையும் எடுத்துவிட்டு, கீபோர்டின் மேல் வரிசையில் டச் பார் என்ற தொடுதிரைப் பட்டையை வைத்தது; 2021இல் வந்த 14, 16 இஞ்ச் மாடல்களில் மூன்றும் திரும்பி வந்தன, டச் பார் போய்விட்டது. டெல் 2025 தொடக்கத்தில் எக்ஸ்பிஎஸ் என்ற தன் லேப்டாப் வரிசைப் பெயரைக் கைவிட்டது, அடுத்த வருடமே திரும்ப எடுத்துக்கொண்டது. பெயர் சீக்கிரம் திரும்பிவிடும், எடுத்த ஸ்லாட்டைத் திருப்பித் தரத்தான் ஐந்து வருடம் ஆகிறது, அதற்குள் நாம் ஒன்றை வாங்கித் தொலைத்திருப்போம்.

அப்புறம் சர்வீஸ். வீட்டுக்கே வந்து பார்ப்போம் என்று வாரண்டியில் இருக்கிறது. டச்பேட் மக்கர் செய்ததும் போன் போட்டால் உங்கள் பின்கோடு அதில் வராது, கோயமுத்தூருக்குக் கொண்டு வாருங்கள் என்றார்கள். மேட்டுப்பாளையம் வரை 33 கிலோமீட்டர் மலை இறங்கி, அங்கிருந்து இன்னும் அதே அளவு போக வேண்டும். மழையில் மண் சரிந்தால் அதுவும் இல்லை.

வாங்க நினைக்கிறவர்கள் இதே கம்பெனியின் முந்தைய மாடல் கோயமுத்தூர் கடைகளில் கிடைக்கிறதா என்று முதலில் கேளுங்கள். அதில் ஸ்லாட் இருக்கிறது, ராமும் மாற்றலாம், விலையும் குறைவு.